பியானோவின் மூடியைத் திறக்கவே மனம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறேன். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும். மகளுக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பழைய பியானோ ஒன்றைத் தவணையில் வாங்கினோம். மூன்றாம் படிவத்துக்குப் போனதும் டியூஷன் அதிகமாகி அவள் விட்டுவிட்டாள். கொடுத்த பணம் வீணாகிறதே என்று நான் கற்கத் தொடங்கி, கிரேடு 2 தேர்வில் தேறினேன். இப்போது கிளெமென்டி என்ற இசையமைப்பாளரின் சி மேஜர் சொனாட்டினா என்ற சிறு பியானோப் பாடலின் முதல் பகுதியை வாசிக்கிறேன். எத்தனை முறை முதலிலிருந்து வாசித்தாலும் அதே இரண்டு மூன்று இடங்களில் கை தடுக்குகிறது. மூன்று மாதமாக வகுப்புக்கு முந்திய இரவு மட்டும்தான் உட்காருகிறேன். மற்ற நாட்களில் பியானோவின் மேல் மடித்த துணிகள்தான் இருக்கின்றன. என் அம்மா அடிக்கடி முணுமுணுக்கும் ஒரு பழைய பாட்டை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஒரு காலத்தில் இருந்தது. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். போன ஆர்வம் திரும்பி வர என்ன செய்வது? இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்.
— சுங்கை ஆரா வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஆர்வத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கான விடை, போகிற போக்கில் நீங்கள் நடுவில் எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. "எத்தனை முறை முதலிலிருந்து வாசித்தாலும்" என்கிறீர்கள். ஜார்ஜ்டவுனில் என் வீட்டில் 27 ஆண்டுகளாகப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆர்வம் போய்விட்டது என்று சொல்லி வரும் பெரியவர்களிடம் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறீர்களோ அப்படியே பத்து நிமிடம் என் முன்னால் செய்து காட்டுங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். முதல் பாரில் (இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளால் பிரித்த சிறு பகுதிதான் பார்) தொடங்குகிறார்கள், தடுக்கும் இடம் வரை போகிறார்கள், தடுக்கியதும் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடியும் முதல் பாருக்கே திரும்புகிறார்கள்.

இப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடலின் தொடக்கத்தைப் பன்னிரண்டு முறை வாசித்திருப்பீர்கள். அது ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருந்த பகுதி. கடைசிப் பக்கத்தை ஒரு முறை தொட்டிருந்தால் பெரிது. தடுக்கும் இடத்திலோ, தடுக்குவதையே பன்னிரண்டு முறை செய்திருப்பீர்கள். திரும்பத் திரும்பச் செய்வதை விரல்கள் கற்றுக்கொள்ளும். சரி எது, தவறு எது என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே அந்தத் தயக்கமும் ஒரு பாடமாகக் கைக்குள் பதிந்துவிடுகிறது. எழுந்திருக்கும்போது காதுக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. நாள் முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவருக்கு, அரை மணி நேரம் செலவழித்தும் எதுவும் மாறவில்லை என்பது மாதக்கணக்கில் தொடர்ந்தால், அடுத்த நாள் மூடியைத் திறக்க எப்படி மனம் வரும்? உங்களைச் சோம்பேறி என்று நீங்கள் நினைத்துக்கொள்வதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. உங்கள் மனம் சரியான கணக்கைத்தான் போட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும், உட்கார்ந்தபோது வராத ஒன்று இப்போது வருகிறது என்பதை உங்கள் காதே கேட்கும்படி அந்தப் பயிற்சியை அமைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பார்களாக இருக்கலாம், இடது கையின் ஒரே ஒரு தாவலாக இருக்கலாம். அந்த மாற்றத்தைக் கேட்டுவிட்டு எழுந்தவருக்கு மறுநாள் உட்காரத் தோன்றும். நான் பார்த்த வரையில், பெரியவர்களிடம் நிலைத்த ஆர்வம் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

பயிற்சி என்பது உற்சாகத்தோடு செய்ய வேண்டிய ஒன்று என்ற எண்ணமும் பலரைக் குற்றவுணர்ச்சிக்குள் தள்ளுகிறது. உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னணி மாணவர்கள்கூடத் தனிப் பயிற்சியை மிகுந்த முயற்சி கேட்கிற வேலையாகவே மதிப்பிட்டிருந்தார்கள். அவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்தார்கள், இடையில் ஓய்வெடுத்தார்கள், பகலில் சிறிது நேரம் தூங்கவும் செய்தார்கள். இசையையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களுக்கே அது பாரமான வேலையாக இருந்திருக்கிறது என்றால், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து வரும் உங்களுக்குப் பியானோவைப் பார்த்ததும் உள்ளம் துள்ளவில்லை என்பதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

இனி அந்தச் சொனாட்டினாவுக்கு வருகிறேன். 1797இல் வெளிவந்த ஆறு சொனாட்டினாக்களில் முதலாவது அது. உலகம் முழுவதும் இரண்டு நூற்றாண்டுகளாக மாணவர்கள் அதை வாசித்து வருகிறார்கள். அதன் முதல் பகுதியில் மொத்தம் 38 பார்கள்தான் இருக்கின்றன. முதல் 15 பார்களில் பாடல் சி மேஜர் என்ற ஸ்வர வரிசையில் தொடங்கி ஜி மேஜர் வரிசைக்குப் போய்ச் சேருகிறது. 16ஆம் பாரிலிருந்து எட்டுப் பார்களுக்கு அதே மெட்டு மைனர் ஸ்வர வரிசைக்கு மாறுகிறது. அதுவரை வெள்ளைக் கட்டையாக இருந்த 'இ', கறுப்புக் கட்டையான 'இ ஃபிளாட்' ஆகிவிடுகிறது. 24ஆம் பாரில் முதல் மெட்டு ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே திரும்பி வருகிறது; ஆனால் இம்முறை ஜி மேஜருக்குப் போகாமல் சி மேஜரிலேயே முடிகிறது. எந்த இடங்களில் தடுக்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. என் மாணவர்களை வைத்துப் பார்க்கும்போது, ஒன்று 16ஆம் பாரில் இருக்கும், மற்றொன்று 24க்குப் பிறகு இருக்கும். அந்த இரண்டாவது இடத்தில் கை தன் போக்கில் முதல் பக்கத்துப் பாதையைப் பிடித்துக்கொண்டு ஜி மேஜருக்குப் போகப் பார்க்கும். முதலிலிருந்தே வாசிப்பவருக்கு முதல் பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருப்பதால் இது நேர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இதே பாடலோடு என்னிடம் வந்தார். முதல் பாரிலிருந்து தொடங்கி 16இல் நின்றார். மறுபடியும் தொடங்கி மறுபடியும் 16இல் நின்றார். நான் இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, 16, 17 ஆகிய இரண்டு பார்களையும் 18ஆம் பாரின் முதல் ஸ்வரத்தையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். "மிச்சப் பாட்டைக் காணோமே டீச்சர்" என்றார். வலது கையை மட்டும் வைக்கச் சொன்னேன். இ ஃபிளாட்டுக்கு அவர் (பெருவிரலை ஒன்று என்று எண்ணும் கணக்கில்) ஒரு முறை மூன்றாம் விரலையும் மறுமுறை இரண்டாம் விரலையும் கொண்டுபோவது உடனே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் விரல் புதிதாக வழி தேடியிருக்கிறது. ஒரு விரலை முடிவு செய்து, பென்சிலால் அந்த எண்ணைத் தாளில் எழுதினோம். தட்டு எண்ணிக் கொடுக்கும் மெட்ரனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து வலது கையை நான்கு முறை, இடது கையை நான்கு முறை, பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து வாசித்தார். ஒன்பது நிமிடம் ஆனது. தாள்களை எடுத்துவிட்டு 14ஆம் பாரிலிருந்து வாசிக்கச் சொன்னேன். 16ஐ நிற்காமல் கடந்துபோனவர், கடந்துவிட்டதை உணர்ந்ததும் 18இல் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் நான் சொல்லாமலேயே 24ஐத் தாளால் மறைத்துப் பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தார்.

இதிலே நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எடுத்துக்கொள்ளும் துண்டு, அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தோடு முடிய வேண்டும். இல்லாவிட்டால் துண்டு நன்றாக வரும், ஒட்டும் இடத்தில் மறுபடியும் தடுக்கும். விரல் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. வேகம், தவறே வராத அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும். கடைசியாக, வாரத்தில் ஒரு நாளாவது பாடலின் கடைசி நான்கு பார்களிலிருந்து தொடங்கி, அதற்கு முந்திய நான்கு, அதற்கும் முந்திய நான்கு என்று பின்னாலிருந்து முன்னோக்கி வாருங்கள். அப்படிச் செய்தால், வாசிக்க வாசிக்கப் பழகிய இடத்துக்குள் நுழைகிறீர்கள். இப்போது நீங்கள் பழகிய இடத்திலிருந்து பழகாத இடத்துக்குள் போய்ப் பயந்து நிற்கிறீர்கள்.

மெதுவாக வாசிப்பதைப் பலர் சின்னப் பிள்ளை வேலையாக நினைத்து வெட்கப்படுகிறார்கள். சிறுவயதில் கோவில் வகுப்பில் கர்நாடக இசை கற்றவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடி, தாளத்தை மாற்றாமல் இரண்டாம் காலத்தில் பாடி, பிறகு மூன்றாம் காலத்தில் பாடுவது அங்கே முதல் பாடம். பெரிய வித்வான்களும் சாதகத்துக்கு, அதாவது அன்றாடப் பயிற்சிக்கு, உட்காரும்போது முதல் காலத்தை விடுவதில்லை. சாதகம் என்ற சொல்லே நம்மிடம் இருக்கும்போது, பியானோவில் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உங்கள் இரண்டு பார்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரமாக ஒரு முறை, இரண்டு ஸ்வரமாக ஒரு முறை, எழுதியிருக்கும் வேகத்தில் ஒரு முறை. மூன்றாவது தடுமாறினால் முதலாவதுக்குப் போய்விடுங்கள்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வேலை முறையைச் சொல்லியிருக்கிறீர்கள். தினமும் இரவு எட்டு மணிக்குப் பயிற்சி என்பது போன்ற அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. இரவு ஷிப்டு வந்ததும் அது உடைந்துவிடும், உடைந்ததும் மனமும் விட்டுப்போகும். கடிகாரத்தோடு கட்டாமல், எந்த ஷிப்டிலும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு பயிற்சியைக் கட்டுங்கள். வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, சாப்பிட உட்காருவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை நாட்களில் பத்து நிமிடம், ஒரே ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். மனம் கேட்டாலும் எழுந்துவிடுங்கள். ஓய்வு நாட்களில் இருபது நிமிடமாகக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் உட்காருவதைவிட இது நல்லது. சிறிது மறந்துபோன ஒன்றை மீண்டும் நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் அது உறுதியாகப் பதிகிறது.

உறக்கமும் இதில் பங்கு கொள்கிறது. விரல்களின் வரிசை ஒன்றைப் பழகிவிட்டு உறங்கி எழுந்தவர்கள், இடையில் எந்தப் பயிற்சியும் செய்யாமலேயே அதை முன்பைவிட வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்வதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்பி, பத்து நிமிடம் அந்த இரண்டு பார்களை மெதுவாக வாசித்துவிட்டு நீங்கள் தூங்கப் போனால், எழுந்திருக்கும்போது வேலையில் ஒரு பகுதி முடிந்திருக்கும். வகுப்புக்கு முந்திய இரவில் ஒன்றரை மணி நேரம் உட்காருவதில் இந்தப் பயன் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். வாரத்தில் ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து முறை கிடைக்கும். தொழிற்சாலைப் பேருந்தில் போகிறவராக இருந்தால், தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்றைய துண்டை மனத்துக்குள் கேட்டபடி கைப்பையின் மேல் விரல்களை நகர்த்திப் பார்க்கலாம். அதுவும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதை ஈடுகட்ட முயலாதீர்கள். என் தந்தையார் நோயுற்றிருந்த காலத்தில் நானே எட்டு மாதங்கள் எனக்காக ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் இருந்தேன்; மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. மீண்டும் தொடங்கியபோது, இழந்த எட்டு மாதத்தையும் ஒரே மாதத்தில் பிடித்துவிட வேண்டும் என்று தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்றாம் வாரத்தில் மணிக்கட்டு வலி வந்து மறுபடியும் நிற்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடத்தில் தொடங்கியிருந்தால் அந்த இரண்டாவது நிறுத்தம் வந்திருக்காது.

பியானோவின் மேல் துணி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே அந்தத் துணிகளுக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் நான்கு கட்டுத் துணியை எடுத்து வைக்க வேண்டும் என்றால், களைத்து வந்த மாலையில் அந்தச் சின்ன வேலையே உங்களைத் தடுத்துவிடும். இசைத்தாளை அன்றைய பாரில் திறந்தபடி வையுங்கள், பென்சிலைத் தாங்கியில் வையுங்கள், எழுத்து நன்றாகத் தெரிய ஒரு விளக்கு வையுங்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்குத் தாள் வைக்கும் தூரம் வாசிப்புக் கண்ணாடிக்குச் சற்று அதிகம். கண் சுருக்கி வாசிப்பதால் வரும் அலுப்பை ஆர்வக் குறைவு என்று எண்ணிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பியானோவைச் சுருதி சேர்க்கும் டியூனர் கடைசியாக எப்போது பார்த்தார் என்றும் யோசியுங்கள். பினாங்கின் ஈரக்காற்று மரத்துக்குள்ளும் கம்பளிக்குள்ளும் இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஒலிப்பலகை ஈரத்தில் உப்பும்போது நடுப்பகுதியின் சுருதி ஏறிவிடுகிறது. கட்டைகளுக்கு அடியில் இருக்கும் சிறு கம்பளித் துண்டுகள் ஊதி, அழுத்திய கட்டை மெதுவாகத்தான் மேலே வருகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் இப்படிச் சிறிது சிறிதாக விலகியிருக்கும் பியானோவில் நீங்கள் எவ்வளவு சரியாக வாசித்தாலும் காதுக்கு நிறைவு தராது. அது ஏன் என்றும் உங்களுக்குத் தெரியாது. என் வாசிப்புத்தான் நன்றாக இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்ப்பது நல்லது, ஒரு முறையாவது கட்டாயம். வரும் டியூனரிடம் உள்ளே ஈரத்தைக் குறைக்கும் ஹீட்டர் ராட் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் சுவரிலிருந்தும், வெயில் விழும் ஜன்னலிலிருந்தும் பியானோ தள்ளி இருக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டில் இரவு வாசிக்கக் கூச்சமாக இருந்தால், நடுப் பெடலை அழுத்தி இடப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். ஜப்பானிய அப்ரைட் பியானோக்களில் பலவற்றில் அது அப்படியே நின்றுகொள்ளும். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கம்பளித் திரை இறங்கி ஓசையை வெகுவாகக் குறைத்துவிடும். விரல்களைப் பழக்க அது போதும். ஆனால் எப்போதும் அதிலேயே வாசித்தால் உங்கள் காதுக்கு மெல்லிய ஓசைக்கும் கனத்த ஓசைக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்; ஓய்வு நாட்களின் பகலில் அதை விடுவித்துத் திறந்த ஓசையில் வாசியுங்கள்.

தேர்வைப் பற்றி. நம் நாட்டில் பியானோ கற்பது என்றாலே பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் கிரேடுதான் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது ஒரு ஒழுங்கைத் தருகிறது என்பதை மறுக்கவில்லை. நானும் ஆண்டுதோறும் அனுப்புகிறேன். ஆனால் ஓர் ஆண்டு முழுதும் மூன்றே மூன்று பாடல்களை வைத்துக்கொண்டு அலைவது பெரியவர்களின் ஆசையை வற்றச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் கிரேடு 3 எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஐந்தாவது கிரேடு வரை முந்திய கிரேடில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. எழுத விரும்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள். நேரடித் தேர்வின் 150 மதிப்பெண்களில் மூன்று பாடல்களுக்கு 90தான். ஸ்வர வரிசைகளான ஸ்கேலுக்கு 21, முன்பின் பார்க்காத தாளை வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்லும் ஆரலுக்கு 18. தேற 100 வேண்டும். பாடல்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் மற்ற 60 மதிப்பெண்களுக்காக ஓடுவதால் வரும் பதற்றமும் பலரின் ஆர்வத்தைத் தின்றிருக்கிறது. ஸ்கேலும் சைட் ரீடிங்கும் இல்லாமல், நான்கு பாடல்களை வாசித்துக் காணொளியாகப் பதிந்து அனுப்பும் தேர்வு ஒன்றும் 2020 முதல் இருக்கிறது. எது உங்களுக்கு ஏற்றது என்று ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள். ஆறு மாதம் தேர்வே வேண்டாம் என்று சொன்னாலும் நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொனாட்டினாவோடு, உங்களுக்கு மிக எளிதான பாடல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேடு 1 அளவிலான ஒன்றை ஒரு வாரத்துக்குள் முடித்து, நன்றாக வாசித்து, மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முழுதாக வாசிக்கக்கூடிய பாடல் ஒன்றுகூட இல்லாமல் எப்போதும் பாதி வெந்த நிலையிலேயே இருப்பது பெரியவர்களின் தனிக் கஷ்டம். வீட்டுக்கு யாராவது வந்து "ஒன்று வாசியுங்களேன்" என்றால் கைவசம் எதுவும் இருப்பதில்லை.

வயதைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். 43 வயது விரல்கள் பத்து வயது விரல்களின் வேகத்தைச் சீக்கிரம் எட்டுவது கடினம்தான். ஆனால் ஏன் தடுக்குகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுமை பத்து வயதுக்கு அரிது. உங்கள் வேலையே தரக் கட்டுப்பாடு. ஒரு தொகுதியில் எங்கே பிழை வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் உங்கள் அன்றாடத் தொழில். அதே கண்ணை 16ஆம் பாரின் மேல் வையுங்கள் என்றுதான் இவ்வளவு நேரமும் சொல்லி வருகிறேன். பியானோவுக்குக் கொடுத்த பணத்தைப் பொறுத்தவரை, மகள் கற்ற ஆண்டுகளிலேயே அது தன் வேலையைச் செய்துவிட்டது. அவள் விட்டதை நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்திருப்பதால் வாசிக்கிறீர்கள் என்றே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. பியானோ தனிமையான வாத்தியம். தைப்பூசத்துக்கு முந்திய மாதங்களில் இங்கே உறுமி மேளக் குழுவினர் பயிற்சி செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடும் அந்தப் பிள்ளைகள் ஆர்வம் இருக்கிறதா என்று தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. தான் போகாவிட்டால் மற்றவர்கள் தாளத்தில் ஓர் ஓட்டை விழும் என்பதால் போகிறார்கள். நம் வாத்தியத்துக்கு அப்படிக் காத்திருப்பவர்கள் கிடையாது. ஆகவே கேட்கிறவர் ஒருவரை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மகளிடம் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அவளுக்கு இந்தக் கட்டைகள் தெரியும், என்ன மாறியிருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும்.

அதோடு, உங்கள் அம்மாவும் இருக்கிறார். உங்கள் கடிதம் முழுவதிலும் நீங்கள் ஆசை என்ற சொல்லை எழுதியிருப்பது அந்தப் பழைய பாட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும்தான். அதை ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம் என்கிறீர்கள், கேளுங்கள். மேற்கத்திய இசை கற்பிக்கும் ஒருவருக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் பாடிக் காட்டினால் மெட்டை எழுதித் தருவது அவருக்கு அரை மணி நேர வேலை. வலது கைக்கு மெட்டு, இடது கைக்குப் பாருக்கு ஒரு ஸ்வரம் என்று தொடங்கினால், கிரேடு 2 தேறியவருக்குச் சில வாரங்களில் வந்துவிடும். சொனாட்டினாவுக்கு ஐந்து நிமிடம், பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வேலை நாட்களின் பத்து நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஓய்வு நாளில் அம்மாவை அந்தப் பாட்டை ஒரு முறை முழுதாகப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு பியானோவைத் திறந்து, அவர் எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறார் என்று ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தேடுங்கள். அந்தக் கட்டையிலிருந்து எழுதித் தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். நீங்கள் வாசிக்கும் நாளில் அம்மாவும் தம் குரலுக்கு வசதியாகக் கூடவே பாடலாம்.